கணக்காளர்களுக்கான தொழில் நெறிமுறை வகுப்பு: ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் வார இறுதிகளில் நடைபெறும் இவ்வகுப்பு, நேர்மை, பக்கச்சார்பின்மை, தொழில்சார் திறமையும் உரிய கவனமும், இரகசியம் பேணல், தொழில்சார் நடத்தை என்னும் ஐந்து அடிப்படைகளை மனப்பாடம் செய்விப்பதோடு நின்றுவிடாமல், கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளரே சரக்கிருப்பைக் கூட்டிக்காட்டச் சொல்லும்போது கணக்காய்வாளர் யாரிடம், எந்த ஒழுங்கில், எதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பயிற்றுவிக்கிறது. 2009இல் அம்பலமான இந்தியாவின் சத்யம் நிறுவனத்தின் பொய்யான வங்கி மீதிகளை விரிவுரையாளர் அலசிய விதம் சிறப்பு. வங்கியிடமிருந்து நேரடியாக உறுதிப்படுத்தல் பெறுவது வெறும் சடங்கல்ல என்பது அங்கேதான் தெளிவாகிறது. ஆனால் 2008இல் வைப்பாளர்களைத் தவிக்கவிட்ட கோல்டன் கீ கடனட்டை நிறுவன விவகாரம், நம் நாட்டிலேயே நடந்திருந்தும், பாடத்தில் இடம்பெறவில்லை. உறவினரின் கடைக்கே கணக்கெழுத நேர்வது பற்றிய பகுதியும் (இங்கே யாருக்குத்தான் அந்தச் சங்கடம் இல்லை?) அவசரமாக முடிந்துவிட்டது. கையேடு முழுவதும் தமிழில் உள்ளது. கட்டணம் சற்று அதிகம்.