ஆர்சனல் சீசன் டிக்கெட்: பயிற்சியாளர் வெங்கரின் கடைசி ஆண்டுகளில்

லண்டன் கால்பந்து அணி ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதானத்தில் மிக மலிவான சீசன் டிக்கெட்டே ஆயிரம் பவுண்டைத் தாண்டியது. 19 லீக் ஆட்டங்கள், கூடவே 7 கோப்பை ஆட்டங்கள். பந்து அழகாகவே சுழன்றது, அதில் குறையில்லை. கோளாறெல்லாம் பந்தை இழந்த பிறகுதான். இரண்டு ஃபுல்-பேக்குகளும் (ஓரத் தடுப்பாளர்கள்) ஒரே நேரத்தில் மேலேறிவிடுவார்கள். நடுக்களத்தில் மறிக்க ஆளிருக்காது. சென்டர்-பேக்குகள் (நடுத் தடுப்பாளர்கள்) தனியே மாட்டிக்கொள்வார்கள். 2017இல் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கிடம் இரண்டு ஆட்டங்களிலும் 5-1 தோல்வி, மொத்தம் 10-2. 2005இல் நடுக்களத் தடுப்பு வீரர் வியேரா போனபின் அந்த இடத்துக்கு அவர் தரத்தில் ஒருவர் வரவே இல்லை. 2003-04 லீக்கில் 38 ஆட்டங்களிலும் தோற்காத அணியைக் கட்டியவருக்கு இந்த ஓட்டை தெரியாமலா இருந்திருக்கும்? அதுதான் ஆற்றாமை. 2016-17 பருவத்தில் லீக்கில் 5ஆம் இடம், அடுத்த பருவத்தில் 6ஆம் இடம். கொடுத்த காசுக்கு மதிப்பு: 5க்கு 2.