சென்ட்ஓஎஸ் சர்வரை மாற்ற ‘லைசென்ஸ்’ கேட்கிறார்களா? 1,06,200 ரூபாய் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் சர்வரை மாற்ற வந்த நிறுவனம் போட்ட கணக்கு: லைசென்ஸ் 60,000, வேலைக்கூலி 30,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 1,06,200 ரூபாய். யார் வேண்டுமானாலும் சும்மா இறக்கிக்கொள்ளக்கூடிய ஒன்றுக்கு லைசென்ஸ் என்று பில் போட்டிருக்கிறார்கள்.

எங்களுடையது திருப்பூரில் சின்ன பிரிண்டிங் யூனிட். ஜாப் ஒர்க் கணக்கு, டெலிவரி சலான் எல்லாம் ஆபீஸில் இருக்கிற ஒரே சர்வரில்தான். அதில் ஓடுவது சென்ட்ஓஎஸ் 7 என்ற இலவச லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம் (ஓஎஸ்), கணக்கெல்லாம் சேமிப்பது போஸ்ட்கிரெஸ் 9.2 என்ற டேட்டாபேஸில். சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது, இனி ஓட்டை கண்டுபிடித்தாலும் அடைக்க ஆள் கிடையாது. இதைக் காட்டி எங்களுக்கு ஆர்டர் தரும் எக்ஸ்போர்ட் கம்பெனி, சர்வரை மாற்றியே ஆகவேண்டும் என்றது. வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் இணையதளம் ஒன்றில் போட்டேன். ‘வெரிஃபைடு’ முத்திரையோடு ஒரு நிறுவனம் வந்தது.

வந்தவர் பேசியதில் முக்கால்வாசி உண்மை. எரிச்சலே அதுதான். என் முன்னாலேயே அப்டேட் இறக்கும் ‘யம் அப்டேட்’ கட்டளையை அடித்தார், அப்டேட் தரும் மிரர் சர்வரின் முகவரியே கிடைக்கவில்லை என்று வந்தது. “பாத்தீங்களாங்க, கடையையே மூடிட்டாங்க.” 2029 வரை வரும் என்றிருந்த சென்ட்ஓஎஸ் 8-ஐ 2021 டிசம்பரிலேயே நிறுத்தியதைச் சொன்னார். 2023 ஜூனில் ரெட் ஹாட் (சென்ட்ஓஎஸ்ஸின் பின்னால் இருக்கும் கம்பெனி) தன் கட்டண என்டர்பிரைஸ் லினக்ஸின் சோர்ஸை, அதாவது மூல நிரலை, பொதுவில் போடுவதை நிறுத்தி, பொதுவுக்கு அதன் முன்னோட்டப் பதிப்பான சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டும்தான் என்றதையும் சொன்னார். ராத்திரி உட்கார்ந்து தேடினேன், ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. அதன் வாலில்தான் பொய்யைக் கட்டியிருந்தார்: “அதனால கம்பெனிகளுக்கு இனி ஃப்ரீ லினக்ஸ் கிடையாதுங்க. மூணு வருஷ லைசென்ஸ் போட்டுக்கங்க, எது வந்தாலும் நாங்க பாத்துக்கறோம்.” மறுநாள் பணம் அனுப்பினேன். சீல் வைத்த ‘லைசென்ஸ் சர்டிபிகேட்’ ஒன்றும் வந்தது!

சனிக்கிழமை ராத்திரி அப்கிரேட் முடிந்தது என்றார்கள். திங்கள் காலை சாஃப்ட்வேர் திறக்கவில்லை. வெளியே சரக்கு ஏற்ற வண்டி நிற்கிறது, உள்ளே ஒரு சலான் போட முடியவில்லை.

அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டால், “டேட்டாபேஸ் எங்க ஸ்கோப்ல வராதுங்க.” பிறகு, “டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க.” அந்த டீம் இன்றுவரை கூப்பிடவில்லை. கடைசியில் கொஞ்சம் சத்தம் போட்டதும் வந்த பதிலைப் பாருங்கள்: “சார், இது ஓப்பன் சோர்ஸ். வாரண்டி கிடையாதுன்னு அவங்க லைசென்ஸ்லயே இருக்கு.” பணம் வாங்கும்போது லைசென்ஸ் சாஃப்ட்வேர், படுத்துக்கொண்டால் ஓப்பன் சோர்ஸா? இணையதளத்துக்காரர்களோ, “நாங்கள் அறிமுகம் மட்டுமே செய்கிறோம்” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். நான் போட்ட ரிவ்யூ இன்னும் ‘பரிசீலனையில்’ இருக்கிறது.

தெரிந்தவர் பையன் ஒருவன் வந்து, எந்த ஓஎஸ் என்று சொல்லும் ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலைத் திறந்து காட்டினான். அல்மாலினக்ஸ் 8. 2021 மார்ச்சில் வெளிவந்தது, கம்பெனியும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம், லைசென்ஸ் கீ என்று ஒன்றே கிடையாது. ரெட் ஹாட் சோர்ஸை நிறுத்திய பிறகும் அல்மா, அதைப் போன்ற ராக்கி லினக்ஸ் இரண்டும் இலவசமாகத்தான் வருகின்றன. சாஃப்ட்வேர் படுத்த காரணமும் சாதாரணம். புது ஓஎஸ்ஸோடு போஸ்ட்கிரெஸ் 10 வந்திருக்கிறது, 9.2-இன் டேட்டாவை அது அப்படியே எடுத்துக்கொள்ளாது. அதை மாற்றவே ‘போஸ்ட்கிரெஸ்கியூஎல்-அப்கிரேட்’ என்று தனி பேக்கேஜ் இருக்கிறது, ரெட் ஹாட் கையேட்டிலேயே வழி எழுதியிருக்கிறார்கள். பையன் அதைப் பார்த்தே சரிசெய்தான். 1,06,200 ரூபாய் வாங்கியவர்களுக்கு அதைப் படிக்க நேரமில்லை.

இலவச சாஃப்ட்வேருக்குக் காசு வாங்குவதே குற்றம் என்று சொல்லவில்லை. லினக்ஸ் வெளிவரும் ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸே விற்பதற்குத் தடை போடவில்லை, பராமரிப்புக்குக் கூலி கேட்பதும் நியாயம். ஒழுங்காக முடித்திருந்தால் அந்த 30,000-ஐப் பற்றிப் பேச்சே எடுத்திருக்க மாட்டேன். இல்லாத லைசென்ஸுக்கு 60,000 வாங்கியதைத்தான் கேட்கிறேன்.

பெரிய பட்டியல் போட நினைத்தேன், பொறுமை இல்லை. எந்த லினக்ஸ், எந்த வெர்ஷன் என்று கொட்டேஷனிலேயே பெயரோடு எழுதி வாங்குங்கள். நிஜமாகவே ரெட் ஹாட் சந்தா என்றால் உங்கள் கம்பெனி அக்கவுண்ட்டில் லாகின் செய்தால் தெரிய வேண்டும், சர்டிபிகேட் பேப்பரை நம்பாதீர்கள். டேட்டாபேஸ் ஸ்கோப்பில் உண்டா என்று கேளுங்கள். வேலை தொடங்கும் முன் டேட்டாபேஸை டம்ப் (முழு நகல்) எடுத்து வேறு டிஸ்க்கில் வையுங்கள். அவ்வளவுதான்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தொழில் உபயோகத்துக்கு வாங்கிய சேவை என்று சொல்லி அவர்கள் தட்டிவிடப் பார்ப்பார்கள், முதலில் நோட்டீஸ் விடலாம் என்றார். நோட்டீஸில் ஒரே கேள்விதான் கேட்டிருக்கிறோம்: அந்த 60,000 யாருக்குக் கட்டியது, ரசீது எங்கே? பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.