எஸ்இஓ ஆட்களுக்கு அட்மின் பாஸ்வேர்டு கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வலைப்பதிவு நடத்தும் எல்லோருக்கும் அந்த மின்னஞ்சல் வந்திருக்கும். "உங்கள் தளத்தைப் பார்த்தோம். அருமையான உள்ளடக்கம். ஆனால் கூகுளில் தெரியவே இல்லை. முப்பதே நாளில் முதல் பக்கம், உத்தரவாதம்." எஸ்இஓ, அதாவது தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை, செய்வதாகச் சொல்லும் இந்த ரகத்தில் ஒரு நிறுவனத்துக்கு ஒரு வருடத்துக்கும் மேல் மாதாமாதம் பணம் கட்டினேன். கடைசியில் என் தளம் கூகுளின் நடவடிக்கைக்கு ஆளாகி நின்றது. பணத்தை வாங்கிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. உள்ளே புகுந்து அவர்கள் செய்துவைத்த வேலைதான் என்னை எழுத வைக்கிறது. பெயரைப் போடவில்லை. இவர்கள் இன்று ஒரு பெயரில் இருப்பார்கள், நாளை இன்னொரு பெயரில் வருவார்கள். வேலை செய்யும் விதம் மட்டும் மாறாது.

என் தளம் தையல் மெஷின் பராமரிப்பு பற்றியது. ஊசி ஏன் அடிக்கடி உடைகிறது, பாபினில் நூல் ஏன் தொளதொளவென்று சுற்றுகிறது, துணிக்கு அடியில் நூல் ஏன் கொத்தாகச் சிக்குகிறது, இந்த மாதிரி விஷயங்கள். (அடியில் சிக்கினால் எல்லோரும் பாபினைத்தான் திட்டுவார்கள். மேல்நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்காராததுதான் பெரும்பாலும் காரணம். போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.) பல வருடங்களாக எழுதியதால் கூகுளில் இருந்து ஓரளவு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இன்னும் கொஞ்சம் பேருக்குப் போய்ச் சேரட்டுமே என்றுதான் அவர்களிடம் பேசினேன்.

விசாரிக்காமல் இறங்கவில்லை. முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறதே என்று கேட்டேன். "அது பொதுவா எல்லாருக்கும் சொல்றது மேடம், நாங்க கூகுள் பார்ட்னர்" என்று ஒரு முத்திரையைக் காட்டினார்கள். அந்த முத்திரை கூகுளில் விளம்பரம் நிர்வகிப்பவர்களுக்குக் கொடுப்பது. விளம்பரம் இல்லாமல் இயல்பாக வரும் தேடல் முடிவுகளுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கூகுளோடு தனி உறவு இருக்கிறது என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம், அப்படி ஓர் உறவு யாருக்கும் கிடையாது. எஸ்இஓ மாற்றங்களின் பலன் தெரியப் பொதுவாக நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்றும் கூகுள் சொல்லியிருக்கிறது. முப்பது நாள் என்பது இவர்களாக வைத்துக்கொண்ட கணக்கு.

வேலையைத் தொடங்க, என் தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் அட்மின் கணக்கு கேட்டார்கள். தலைப்பு, விவரணை, படங்களின் அளவு எல்லாவற்றையும் சரிசெய்ய அது வேண்டும் என்றார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. கூகுள் தேடலில் தளம் எப்படி வருகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலையும் அவர்கள் கணக்கிலேயே உருவாக்கிக்கொண்டார்கள். எனக்கும் அதைப் பார்க்க வழி செய்யுங்கள் என்று கேட்டபோதெல்லாம், "அது டெக்னிக்கல் விஷயம், மாசாமாசம் ரிப்போர்ட் அனுப்பிடுவோம்" என்பதுதான் பதில்.

ரிப்போர்ட் வந்தது. பார்க்கக் கண்ணைப் பறிக்கும். பல பக்கங்கள், வண்ண வண்ணமாக வரைபடங்கள், எல்லாக் கோடும் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அந்த ரிப்போர்ட்டில் பொய் என்று ஒரு வரியைக்கூடக் கைகாட்ட முடியாது, சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது.

கூகுளின் முதல் பக்கத்தில் வந்த கீவேர்டுகள், அதாவது தேடும் சொற்கள், என்று ஒரு பட்டியல் இருக்கும். வந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சொற்றொடர்களைப் பாருங்கள்: "பழைய கால்மிதி தையல் மெஷின் அடிநூல் சிக்கல் எளிய தீர்வு குறிப்புகள்". இப்படி யார் தேடுவார்கள்? யாரும் தேடாத, வேறு யாரும் எழுதாத நீளமான சொற்றொடரை என் தலைப்புகளில் இருந்தே வெட்டி ஒட்டிச் செய்தால், முதல் இடம் தானாக வரும். ஒரு கீவேர்டில் முதல் இடம் என்று யாராவது காட்டினால், சர்ச் கன்சோலில் அந்தச் சொல்லுக்கு எத்தனை இம்ப்ரெஷன் என்று கேளுங்கள். தேடல் முடிவில் உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது என்ற கணக்கு அது. என் பட்டியலில் இருந்தவற்றில் பெரும்பாலானவை அங்கே தலைகாட்டவே இல்லை.

அடுத்தது டொமைன் அத்தாரிட்டி. நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு மதிப்பெண். இதை வைத்துத்தான் பாதி எஸ்இஓ வியாபாரமே நடக்கிறது. இது மோஸ் என்ற நிறுவனம் தன் கருவிக்காகக் கணக்கிடும் எண். ரேங்க் போட கூகுள் இதைப் பயன்படுத்துவதில்லை, மோஸே அப்படித்தான் சொல்கிறது. குப்பைத் தளங்களில் இருந்து லிங்க் குவித்தால் இந்த எண்ணை ஏற்றிவிடலாம். என் ரிப்போர்ட்டில் அது ஏறியது, தளத்துக்கு வருகிறவர்கள் ஏறவில்லை.

டிராஃபிக் வரைபடம் மட்டும் ஏறிக்கொண்டே போனது எப்படி? அனலிட்டிக்ஸ் எண்ணுவது தளத்தில் நடக்கும் வருகைகளை. அந்த வருகையை ஒரு மென்பொருளும் செய்யலாம். சர்ச் கன்சோல் எண்ணுவது கூகுள் தேடல் முடிவில் விழும் கிளிக்குகளை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வண்டவாளம் தெரிந்துவிடும். பிற்பாடு நான் பார்த்தபோது, அனலிட்டிக்ஸில் புதிதாகக் கூடியிருந்த வருகைகள் எல்லாம் நேராக முகப்புக்கு வந்து, ஒரு நொடிகூடத் தங்காமல், ஒரு பதிவையும் திறக்காமல் போயிருந்தன. தேடல் கிளிக்குகளின் கோடு முதலில் தரையோடு தரையாகப் படுத்திருந்தது, பிறகு சரிந்திருந்தது.

விஷயம் வெளியே வந்தது ஒரு வாசகரால். அவர் பார்வையற்றவர். போனில் திரைவாசிப்பான் வைத்துப் பதிவுகளைக் கேட்பவர், துணி தைப்பவர். அவர் எழுதியிருந்தார்: "உங்க பதிவு முடிஞ்சதும் உடனடிக் கடன், சூதாட்டம்னு வரிசையா லிங்க் வாசிக்குது. விளம்பரம் போட ஆரம்பிச்சுட்டீங்களா?" நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. வேறு உலாவியில் திறந்தேன், அப்போதும் இல்லை. அப்புறம்தான் பக்கத்தின் மூல நிரலைத் திறந்தேன்.

அங்கே இருந்தது. பதிவின் கடைசிப் பத்திக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. அதைத் திரைக்கு இடதுபக்கம் 9999 பிக்சல் தள்ளி வைத்திருந்தார்கள். கண்ணால் பார்ப்பவருக்கு அது திரைக்கு வெளியே எங்கோ கிடக்கும். நிரலைப் படிக்கும் கூகுளின் தானியங்கி மென்பொருளுக்கும், நிரலை வாசிக்கும் திரைவாசிப்பானுக்கும் அது மற்றப் பத்திகளைப் போலவே ஒரு பத்தி. உள்ளே லிங்குகள்: கடன் செயலி, சூதாட்டம், எடை குறைக்கும் மாத்திரை, நடுவில் ஒரு மீன் தொட்டித் தளம், ஒரு வயலின் பயிற்சித் தளம். தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பில் சில வரிகளைச் செருகியிருந்ததால், பழைய பதிவு புதிய பதிவு என்று பார்க்காமல் எல்லாவற்றின் அடியிலும் இந்தப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர்களுடைய தொழில் என்ன என்பது எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. என்னிடம் சந்தா வாங்கியது உபரி வருமானம். ஒரு தளத்துக்கு மற்றத் தளங்கள் கொடுக்கும் லிங்கை நற்சான்றாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் 1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் பேஜ்ரேங்க் பற்றி எழுதிய காலத்திலிருந்தே கூகுளில் உண்டு. நல்ல பெயருள்ள பழைய தளத்திலிருந்து வரும் லிங்குக்கு மதிப்பு அதிகம். கடன் செயலிக்காரருக்கு அப்படிப்பட்ட லிங்க் நேர்வழியில் கிடைக்காது. ஆகவே பல வருடம் ஒழுங்காக எழுதிவைத்த என் பக்கங்களின் அடிப்பகுதியை அவர்களுக்கு விற்றிருக்கிறார்கள். நான் வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அங்கே நான்தான் சரக்கு.

போன் செய்தேன். முதலில் "ஹேக் ஆயிருக்கும் மேடம்" என்றார்கள். தீம் கோப்பு மாற்றப்பட்ட தேதிக்கும் அவர்களுடைய அட்மின் கணக்கு உள்ளே நுழைந்த தேதிக்கும் பொருத்தம் இருக்கிறதே என்று சொன்னதும் குரல் மாறியது. "எல்லா ஏஜென்சியும் பண்றதுதான், இது லிங்க் எக்ஸ்சேஞ்ச்." சரி, நிறுத்திக்கொள்வோம் என்றேன். "நிறுத்தினா நாங்க குடுத்த பேக்லிங்க் எல்லாத்தையும் எடுத்துடுவோம், ரேங்க் விழுந்துடும், யோசிச்சுக்கோங்க."

இந்த மிரட்டல் எல்லோருக்கும் வரும், ஆகவே அந்த பேக்லிங்குகளை, அதாவது வேறு தளங்களில் இருந்து என் தளத்துக்கு வரும் லிங்குகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பின்னூட்டக் குப்பைகள், ஆளில்லாத உறுப்பினர் பக்கங்கள், ஒரே கட்டுரையை வார்த்தை மாற்றி மாற்றிப் போட்ட தளங்கள், இவ்வளவுதான் சரக்கு. 2012 ஏப்ரல் 24 அன்று தன் தேடல் முறையில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்ததில் இருந்தே கூகுள் இவற்றைத் துரத்திக்கொண்டிருக்கிறது. அதற்கும் முன்பே, 2011 பிப்ரவரியில், ஜேசி பென்னி என்ற பெரிய அமெரிக்கக் கடை நிறுவனம் இப்படிச் சேர்ந்த லிங்குகளால் முதலிடத்தில் இருப்பதை நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்த, கூகுள் அதைக் கீழே தள்ளியது. 2016இல் இருந்து பெங்குவின் கூகுளின் மைய நிரலிலேயே கலந்துவிட்டது. இந்த மாதிரி லிங்குகளைப் பெரும்பாலும் மதிப்பில்லாமல் செய்துவிடுகிறது. எடுத்துக்கொண்டு போகட்டும். இருந்ததால் லாபமும் இல்லை, போவதால் நஷ்டமும் இல்லை.

உங்கள் தளத்திலிருந்து வெளியே போகும் மறைவு லிங்குகள் அப்படியல்ல. அவை உங்கள் வீட்டுக்குள் இருப்பவை, பழி உங்கள் தலையில்தான் விழும். டொமைன் (தள முகவரி) என் பெயரில் இருந்ததால், அதன் டிஎன்எஸ் அமைப்பில் கூகுள் தரும் குறியீட்டைச் சேர்த்து நானே சர்ச் கன்சோலில் உரிமையை நிரூபித்து உள்ளே போனேன். (டொமைனையும் அவர்கள் பெயரில் பதிவு செய்யவிட்டவர்கள் கதை இதைவிட மோசம். அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் விடாதீர்கள்.) கூகுள் ஊழியர்களே பார்த்து எடுக்கும் நடவடிக்கைகளைக் காட்டும் மேனுவல் ஆக்‌ஷன் என்ற பகுதியில் காத்திருந்தது: உங்கள் தளத்திலிருந்து இயல்பற்ற லிங்குகள் போகின்றன என்ற அறிவிப்பு. வந்து வெகுநாள் ஆகியிருந்தது. இத்தகைய அறிவிப்பை கூகுள் உரிமையாளர் கணக்குக்கு அனுப்பும். அவர்களுக்குப் போயிருக்கும். அந்த மாத ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன், கோடுகள் எல்லாம் மேலே ஏறிக்கொண்டிருந்தன.

சுத்தம் செய்யும்போது எல்லோரும் தவறவிடும் ஓர் இடம் இருக்கிறது. சர்ச் கன்சோலில் அவர்கள் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. உரிமையை நிரூபிக்க அவர்கள் தளத்தின் வேர்க் கோப்புறையில் போட்ட ஹெச்டிஎம்எல் கோப்போ, முகப்பின் நிரலில் வைத்த மெட்டா டேக் என்ற வரியோ அங்கேயே இருந்தால், மறுபடி நிரூபித்து மறுபடி உரிமையாளராக வந்து உட்கார்ந்துவிடலாம். அமைப்புகளில் பயனர்கள், அனுமதிகள் என்ற பகுதியில் யார் எந்த வழியில் உரிமை பெற்றார்கள் என்ற வரலாறு இருக்கும். அதைப் பார்த்து அந்தக் கோப்பைத் தேடி அழியுங்கள். என் தளத்தில் கோப்பு ஒன்று, மெட்டா டேக் ஒன்று என இரண்டு வழியிலும் வைத்திருந்தார்கள்.

மற்றபடி தீமைப் புதிதாக நிறுவினேன், அவர்கள் போட்ட பிளகின்கள் என்ற துணை மென்பொருட்களைத் தூக்கினேன், ஹோஸ்டிங் உட்பட எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினேன். ஒரு பிளகின், காசு கொடுத்து வாங்க வேண்டியதன் திருட்டுப் பிரதி. இனி யாருக்காவது சர்ச் கன்சோலைக் காட்ட வேண்டி வந்தால் உரிமையாளர் நான்தான், அவர்களுக்கு வெறும் பார்வை அனுமதி. உள்ளே வரும் குப்பை லிங்குகளுக்கு, இவற்றைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்லும் டிஸவோ கருவியைப் பயன்படுத்தச் சொல்லி நண்பர் ஒருவர் நச்சரித்தார். அவற்றுக்காக நடவடிக்கை எதுவும் இல்லாதபோது அந்தக் கருவியின் பக்கம் போக வேண்டாம் என்பதுதான் கூகுளின் ஆலோசனை, நானும் போகவில்லை.

கூகுளுக்கு அனுப்பிய மறுபரிசீலனை விண்ணப்பத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன்: என்ன இருந்தது, எந்தக் கோப்பில் இருந்தது, எப்படி நீக்கினேன். அழுது புலம்புவதைவிட இந்த விவரம்தான் அங்கே எடுபடும். சில வாரங்களில் நடவடிக்கையை விலக்கிக்கொண்டார்கள். தேடலில் இருந்து வருபவர்கள் பாதிக்கு மேல் திரும்பிவிட்டார்கள், மீதியைக் காணோம். கொடுத்த பணத்தில் ஒரு பங்கைக்கூட வாங்க முடியவில்லை. ஒப்பந்தத்தில் "லிங்க் உருவாக்கப் பணிகள்" என்று பொத்தாம்பொதுவாக எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த மீன் தொட்டித் தளமும் வயலின் தளமும் மட்டும் மனதை உறுத்திக்கொண்டே இருந்தன. சர்ச் கன்சோலில் எனக்கு லிங்க் கொடுக்கும் தளங்களின் பட்டியலிலும் அவை இருந்தன. போய் மூல நிரலைப் பார்த்தேன். அதே பெட்டி, அதே 9999 பிக்சல், உள்ளே கடன் செயலியோடு என் தையல் தளமும். பட்டியலில் இன்னும் சில சின்னத் தளங்களிலும் அதே கதை. அவர்களுக்கெல்லாம் எந்தக் கோப்பில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். வயலின்காரர் அன்றைக்கே நீக்கிவிட்டார். இரண்டு பேரிடமிருந்து பதிலே இல்லை. மீன் தொட்டிக்காரர், எஸ்இஓ சேவை எதுவும் தங்களுக்கு வேண்டாம், ஏற்கெனவே ஆள் வைத்திருக்கிறோம் என்று பதில் போட்டார்.