கார்ப்பெட்டுக்குள் ரப்பர் மரம்: படகு டிரெய்லர் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

படகு டிரெய்லருக்குக் கட்டை மாற்றக் கொடுக்கிறவர்கள் ஒன்றை மட்டும் செய்யுங்கள். கட்டைமேல் கார்ப்பெட் ஒட்டும்முன் நேரில் போய் மரத்தைப் பாருங்கள். நான் போகவில்லை. 14,500 ரூபாயும் போயிற்று, படகின் அடிவயிறும் கிழிந்தது.

என்னுடையது 18 அடி ஃபைபர் படகு. குமரி மாவட்டத் தேங்காய்ப்பட்டணத்தில் இறக்கித் தூண்டில் போடுவேன், முடிந்ததும் டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். படகின் அடிப்பாகம் உட்கார டிரெய்லரில் நீளவாக்கில் இரண்டு கட்டைகள் உண்டு. விற்றவர் அதை 'பங்க்' என்றார்; எனக்குப் பெட்ரோல் பங்க்தான் நினைவுக்கு வந்தது. பழைய கட்டை எட்டு வருடம் உழைத்து ஓரமெல்லாம் நைந்திருந்தது.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுத் தடைக்காலம். அப்போது பட்டறைகளில் நிற்க இடம் கிடைக்காது. அதனால் மே மாதமே ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். "அயனி போட்டிரலாம் அண்ணே, ஒங்க காலத்துக்கும் கெடக்கும்" என்றார் பட்டறைக்காரர். அயனி என்றதும் நான் மறுபேச்சுப் பேசவில்லை. நம் ஊரில் வள்ளம் செய்த மரம் அல்லவா.

நாலாம் நாள் போன் வந்தது. போனால், கருநீலக் கார்ப்பெட் சுற்றிக்கொண்டு டிரெய்லர் புதுமாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. ஓரத்தில் தெரிந்த மரம் நல்ல தேன் நிறம். தட்டிப் பார்த்தேன். தட்டினால் என்ன தெரிந்துவிடும்? சும்மா ஒரு பழக்கம்.

மூன்றாம் மாதம் டிரெய்லருக்கு அடியில் வெள்ளையாக மாவு கொட்டிக் கிடந்தது. மனைவி ஏதோ மைதா சிந்தியிருக்கிறது என்று பெருக்கித் தள்ளினாள். மறுநாளும் அதே இடத்தில் அதே மாவு. அப்போதே கார்ப்பெட்டைப் பிரித்திருக்க வேண்டும். ஐந்தாம் மாதம் துறைமுகச் சாய்தளத்தில் படகை ஏற்றும்போது மடக்கென்று இடதுபக்கக் கட்டை முறிந்தது. படகு சரிந்து போல்ட் தலைமேல் உட்கார்ந்தது. போல்ட் தலையை மரத்துக்குள் பதித்திருக்க வேண்டும். இவர்கள் அதைத் துருத்திக்கொண்டிருக்கும்படியே விட்டு மேலே கார்ப்பெட்டை இழுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஃபைபரில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். மேல்பூச்சு போய் உள்ளே நார் தெரிந்தது.

முறிந்த துண்டைப் பேனாக்கத்தியால் சீவினேன். தேன் நிறம் ஒரு நகக்கனம்தான், பூசின சாயம். அதற்குக் கீழே பாலாடை வெள்ளை, ஊடே குண்டூசி குத்தினாற்போல வண்டு துளைத்த ஓட்டைகள். கொட்டிக் கிடந்த மாவு இந்தத் தூள்தான். வீட்டைச் சுற்றி ரப்பர் தோட்டம் இருக்கிறவனுக்கு ரப்பர் மரம் தெரியாதா? பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய ரப்பர் மரம் வீட்டுக்குள் நாற்காலி, கட்டிலுக்கு உதவும். ஆனால் அதற்கு ஏற்றும் போரான் மருந்து தண்ணீர் படப்படக் கரைந்து போய்விடும். மருந்தே ஏற்றாத மரம் என்றால் உளுத்துப்போகக் கேட்கவே வேண்டாம்.

துண்டை எடுத்துப்போய்ப் பட்டறைக்காரரிடம் காட்டினேன். "கடல் தண்ணில எறக்கினா எந்த மரமும் போவும் அண்ணே" என்றார். சாயம் எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பில் என்று அவர் தந்தது ஒரு வெள்ளைத்தாள். 'கட்டை மாற்றியது 14,500' என்று மட்டும் இருக்கிறது, மரத்தின் பெயரே இல்லை. நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று சொன்ன வக்கீல் நண்பரே இந்தத் தாளைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். என்ன மரம், எத்தனை அடி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே வண்டியைத் திருப்பிவிடலாம்.

அப்புறம் நானே அறுப்பு மில்லில் கூட நின்று அயனியின் வைரப் பகுதியை, அதாவது கெட்டியான நடுமரத்தை எடுத்தேன். மரத்தூள் மஞ்சளாக விழுந்ததைப் பார்த்த பிறகுதான் நிம்மதி. வெட்டிய முனைகளிலும் போல்ட் துளைகளுக்குள்ளும் தண்ணீர் புகாதபடி எபாக்சி பிசின் பூசச் சொன்னேன். மரம் தண்ணீர் குடிப்பது அந்த வழியாகத்தான். போல்ட், உப்புத் தண்ணீர் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடையில் சும்மா 'எஸ்எஸ்' என்று கேட்டால் மட்டமான 202 ரகத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, உப்புத் தண்ணீரில் துருப்பிடித்துவிடும். கார்ப்பெட் மேலேயும் பக்கங்களிலும் மட்டும். தண்ணீர் வடிய அடிப்பக்கம் திறந்தே இருக்கிறது.

கீறலைப் பார்த்த ஃபைபர் வேலைக்காரர், உள்ளே இறங்கிய ஈரம் காயாமல் கை வைக்க முடியாது, பத்து நாள் வெயிலில் போடுங்கள் என்று சொல்லிவிட்டார். முற்றத்தில் பழைய லாரி டயர்கள்மேல் படகு கிடக்கிறது. ஐப்பசி மழை விட்டபாடில்லை.