ஆஸ்துமாவுடன் குரல் நாண் கோளாறு: மூச்சுப் பயிற்சி எனக்கு எப்படி உதவுகிறது

ஸ்பீச் தெரபிஸ்ட் கற்றுக்கொடுத்த மூச்சுப் பயிற்சியைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அதோடு குரல் நாண் கோளாறும் இருப்பது பிறகுதான் தெரிந்தது.

மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையில் உள்ள குரல் நாண்கள் விலகி வழிவிட வேண்டும். இந்தக் கோளாறில் அவை அந்த நேரத்தில் நெருங்கி மூடிக்கொள்கின்றன. ஆஸ்துமா இழுப்பில் எனக்கு மூச்சை வெளியே விடுவதுதான் பாடு. இதிலோ உள்ளே இழுக்கவே முடியாது, சத்தமும் தொண்டையிலிருந்து வரும். சாம்பிராணிப் புகை, மிளகாய் தாளிக்கும் நெடி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போட்ட சென்ட் என எது பட்டாலும் சட்டென்று பிடிக்கும், அதேபோல் சட்டென்று விட்டுவிடும். ஆஸ்துமா இழுப்பை உடனே தணிக்கும் நீல இன்ஹேலரை அடித்தாலும் அசையாது. ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டும். பார்ப்பவர்கள் 'எல்லாம் நார்மல்தானே, பயப்படாதீங்க' என்பார்கள். மூச்சு நிற்கிற மாதிரி இருக்கும்போது அதைக் கேட்பது பெரிய வேதனை.

நெபுலைசர், ஸ்டீராய்டு மாத்திரை என்று ஏறிக்கொண்டே போன பிறகு, ஒரு மருத்துவர் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனையின் வரைபடத்தில் உள்மூச்சுக் கோடு தட்டையாக இருப்பதைக் கவனித்தார். காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கு வழியாக ஸ்கோப் விட்டுப் பார்த்தார். திணறல் இல்லாத நேரத்தில் நாண்கள் சரியாகவே தெரியும் என்பதால், வேகமாக நடக்கவைத்து, திணறல் வந்ததும் பார்த்து உறுதிசெய்தார். இது புதிதாகக் கண்டுபிடித்த நோயும் இல்லை. ஆஸ்துமா போலவே தோன்றும் இந்தக் கோளாறையும், ஸ்பீச் தெரபியால் அது குறைந்ததையும் 1983இலேயே அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பயிற்சி எளிது. தோளைத் தளர்த்தி, நாக்கைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் இளக்கமாக வைத்து, பூவை மோந்து பார்ப்பதுபோல் மூக்கால் இரண்டு முறை சின்னதாக இழுக்க வேண்டும். அப்புறம் உதட்டைக் குவித்து மெதுவாக ஊத வேண்டும். அசைவது வயிறாக இருக்க வேண்டும், நெஞ்சு அல்ல. மூச்சு நன்றாக இருக்கும் நாட்களில் தினமும் செய்து பழகினால்தான் திணறும்போது கைகொடுக்கும். முதல் சில மாதங்கள் எனக்குப் பெரிதாகப் பலன் தெரியவில்லை. இப்போது தொண்டை இறுகத் தொடங்கும்போதே இரண்டு மோப்பு, ஒரு ஊதல் என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஸ்டீராய்டு மாத்திரையை மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார். எனக்கு இதுவே பெரிய விடுதலை.

குறையும் உண்டு. இந்தக் கோளாறு தெரிந்த ஸ்பீச் தெரபிஸ்ட் கிடைப்பது கஷ்டம். திக்குவாய்க்கும் பக்கவாதத்துக்கும் பயிற்சி தருபவர்கள்தான் அதிகம். நெஞ்செரிச்சலும் தொண்டையை உறுத்துவதால், அது கூடிய வாரங்களில் பயிற்சி மட்டும் போதுவதில்லை, அதற்கும் மருந்து எடுக்க வேண்டியிருக்கிறது.

தினசரி தடுப்பு இன்ஹேலரை நான் நிறுத்தவில்லை. ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குழாய்) வைத்து எடுத்துவிட்டு வாய் கொப்பளிக்கிறேன். வெளிமூச்சில் விசில் சத்தமோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் அது ஆஸ்துமா என்று எடுத்துக்கொண்டு நீல இன்ஹேலர்தான். எதுவென்று புரியாவிட்டாலும் முதலில் நீல இன்ஹேலர், அடங்காவிட்டால் மருத்துவமனை. ஆக்சிமீட்டர் எண்ணை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். கடும் ஆஸ்துமாவிலும் தொடக்கத்தில் அது குறையாமல் இருக்கலாம்.