கௌபாய் தொப்பியைப் புதுப்பிக்கக் கொடுக்கும் முன் அளந்து எழுதி வையுங்கள்

டெக்சஸில் ஒரு கடை, பெயர் வேண்டாம். ‘முழுப் புதுப்பிப்பு’ என்று பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்த ஃபெல்ட் தொப்பியின் நிலை இது. கொடுக்கும்போது அளவு 7 3/8, அதாவது 59 செ.மீ.; வந்தபோது 57. விளிம்பு 4 அங்குலம் இருந்தது, 3 3/4 ஆகிவிட்டது. வியர்வைக் கறை மறைந்திருந்தது, இரண்டே நாள். பிறகு சட்டைத் தோளெல்லாம் வெள்ளைத் தூள், தொப்பியில் அதே பழைய கறை. கேட்டால், “நீராவி பட்டால் ஃபெல்ட் சுருங்கத்தான் செய்யும்” என்று பதில்.

சுருங்கும் என்பது சரிதான். ஃபெல்ட் நெய்த துணி அல்ல. முயல், பீவர் போன்றவற்றின் உள்மயிர் சூட்டிலும் ஈரத்திலும் ஒன்றோடொன்று சிக்கி இறுகியது. மறுபடி சூடும் ஈரமும் பட்டால் மறுபடி இறுகப் பார்க்கும். அதனால்தான் நீராவி காட்டிய கையோடு அதே அளவு மர அச்சில் ஏற்றி, அடியில் கயிறு கட்டி, முழுக்க உலரும்வரை விட்டுவைப்பார்கள். இந்தத் தொப்பி அச்சையே பார்க்கவில்லை. நெற்றியைத் தொடும் உள் தோல்பட்டையைப் புரட்டினால் தெரிகிறது: பழைய பட்டை, பழைய தையல். அச்சில் முறையாக ஏற்ற அந்தப் பட்டையைக் கழற்றியாக வேண்டும். கழற்றாமல் நீராவி காட்டினால் தோல் சுருங்கி ஃபெல்ட்டையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். பிறகு நீட்டுக்கட்டை வைத்து 2 செ.மீ. மீட்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வறண்ட தோல் தையலோரம் கிழியும்.

விளிம்பைக் கேட்காமலே வெட்டியிருக்கிறார்கள். அலை விழுந்த விளிம்பை அதற்கான வளைவு அச்சில் வைத்து, ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்து, மேலே மணல் மூட்டை ஏற்றி ஆறவிட்டால் நேராகும். நேரம் பிடிக்கிற வேலை. கத்தரிக்கு ஒரு நிமிடம் போதும்.

கறைக்கு வருவோம். உள்ளிருந்து ஊறிய எண்ணெயும் உப்பும் மேலே தூள் பூசினால் போகாது. பட்டை, ரிப்பன், லைனிங் எல்லாம் எடுத்துவிட்டு, உலர்சலவைக் கரைப்பானில் அலச வேண்டும். ஒரு தடவை போதாது. அப்படியும் பழுத்த கறை முழுசாகப் போகாது என்று நல்ல கடைக்காரர் முதலிலேயே சொல்லிவிடுவார். கடைசியில் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்ப்பது உண்டு. கறையைச் சுரண்டியே எடுக்கப் பார்த்தால் ஃபெல்ட் மெலிந்துவிடும். விளக்குக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் கசிந்தால் அந்த இடம் சீக்கிரம் ஓட்டையாகும்.

விறைப்புக்குப் போடுவது பெரும்பாலும் ஷெல்லாக், நம்மூர் அரக்கேதான். அளவு மிஞ்சினால் தொப்பி அப்பளம் மாதிரி ஆகிவிடும், கிள்ளும் இடத்தில் வெடிக்கும்.

ஃபெல்ட்டின் தரம் என்று உள்ளே அச்சிட்ட ‘எக்ஸ்’ எண்ணைக் காட்டிக் கூலி ஏற்றுவதும் நடக்கிறது. அந்த எண்ணுக்குப் பொதுவான தரநிலை எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 10எக்ஸும் இன்னொன்றின் 10எக்ஸும் ஒன்றல்ல.

பல தொப்பிகளைக் கடைக்கே கொண்டுபோக வேண்டாம். தூசிக்கு மென்மையான பிரஷ், மயிர் படிந்திருக்கும் போக்கிலேயே. வெளிர் தொப்பிக்கும் கறுப்புக்கும் தனித்தனி பிரஷ். புது எண்ணெய்க் கறைக்குச் சோளமாவு (கார்ன்ஃப்ளோர்) தூவி ஓர் இரவு வைத்துத் தட்டிவிடுங்கள். நனைந்தால் தோல்பட்டையை வெளியே புரட்டி, அந்தப் பட்டையின் மேலேயே நிற்கவைத்து, தானாகக் காயவிடுங்கள். ஹேர் டிரையர் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் வைப்பதும் அதே கேடுதான். தாத்தா காலத்துத் தொப்பி என்றால் வீட்டில் நீராவியே வேண்டாம்: அமெரிக்கத் தொப்பித் தொழிலில் 1941 வரை பாதரசம் புழங்கியது, சூடு பட்டால் அது நச்சாவியாகக் கிளம்பலாம்.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பட்டையின் உள்சுற்றைச் செ.மீ.யிலும், விளிம்பை நான்கு பக்கமும் அளந்து ரசீதில் எழுதச் சொல்லுங்கள். தோல்பட்டை கழற்றப்படும், புதிது தைக்கப்படும், ஒட்டப்படாது. விளிம்பு கேட்காமல் வெட்டப்படாது. இதையும் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது டேப்பும் ஒரு கறுப்புத் துணியும் கையில் இருக்கட்டும். கல்லாவில் பணம் வைப்பதற்கு முன் அந்தத் துணியால் விளிம்பை ஒரு தடவை அழுத்தித் துடைத்துப் பாருங்கள்.