வீடு தேடிப் போன மாத்திரை: ஒரு மருத்துவரின் நான்கு ஆண்டு அனுபவம்

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி, சூளகிரி ஒன்றியத்துச் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் அன்று ஓபி பார்த்துக்கொண்டிருந்தேன். கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஆளுக்கு நான்கு வேலை. “இன்னொரு திட்டம், இன்னொரு பதிவேடு” என்றார் மருந்தாளுநர். நானும் தலையாட்டினேன். எந்தச் சீர்திருத்தம் வந்தாலும் அரசு மருத்துவர்களின் முதல் முகம் சுளிப்புத்தான். அதில் பாதி சோம்பல், பாதி அனுபவம்.

நான்கு ஆண்டுகளுக்கு மேலாக இத்திட்டத்தோடு தினமும் குடித்தனம் நடத்துகிறேன். மருந்து வாங்கியவர்களின் அனுபவங்களை நிறையப் படித்துவிட்டேன். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவளின் கதை இது.

திட்டம் எளிமையானது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி தந்து, இரத்த அழுத்தக் கருவியையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் கையில் கொடுத்தார்கள். இந்தத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் பரிசோதிப்பார்கள். ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு மாத்திரையைக் கொண்டுபோய்த் தருவார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்பு செவிலியரும் வண்டியில் வருவார்கள்.

இதற்கு என்ன தேவை என்று கேட்பவர்கள் எங்கள் மலைக்கு ஒருமுறை வர வேண்டும். அஞ்செட்டிக் காட்டோரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பாட்டி மாத்திரைக்காக என்னிடம் வருவதென்றால், காலை பஸ்ஸைப் பிடித்து வந்து வரிசையில் நின்று, திரும்பும் பஸ்ஸுக்காக மத்தியானம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். யானை இறங்கியிருந்தால் அதுவும் இல்லை. துணைக்கு வரும் மகனுக்கு ஒரு நாள் கூலி போகும். இலவச மாத்திரையின் விலை ஒரு நாள் கூலி என்பது எனக்கு வேலைக்கு வந்த முதல் ஆண்டிலேயே தெரியும். ஆனாலும் இரண்டு மாதம் வராத நோயாளியை “ஏன் வரவில்லை?” என்று அதட்டியிருக்கிறேன். 2020இல் தமிழ்நாடு முழுவதும் எடுத்த ஆய்வில், இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும், சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்தபோது என் அதட்டல்களின் பலன் எவ்வளவு என்று புரிந்தது.

ஆக, மாத்திரை வீட்டுக்குப் போனது நல்லதுதான். எனக்கு உறுத்தியது வேறு. மாத்திரை வீட்டுக்குப் போனதும் நோயாளி என் கண்ணிலிருந்து மறைந்துபோனார். முன்பெல்லாம் மாத்திரைக்காக வருகிறவரின் பாதத்தைப் பார்ப்பேன், ஆறாத புண் இருக்கிறதா என்று. கண்ணைக் காட்டச் சொல்லி அனுப்புவேன். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்க்க இரத்தம் எடுக்கச் சொல்வேன். இப்போது மாத்திரை அட்டை வீட்டுக்கே வந்துவிடுகிறது. பிறகு எதற்கு ஆஸ்பத்திரி? சர்க்கரை என்பது எண் மட்டுமில்லை என்று ஆய்வுக் கூட்டங்களில் இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள்.

இந்தக் கோபம் ஓரளவு தணிந்ததற்கு ஒரு தன்னார்வலர் காரணம். ஐம்பதைத் தொடும் வயது, தையல் தொழில், எட்டாம் வகுப்பு வரை படிப்பு. கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் வரும். எங்கள் ஊருக்கு அது பெரிய தகுதி, எனக்கு இன்னும் கன்னடம் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. ஒரு நாள் வந்து, “டாக்டரம்மா, மேட்டுத் தெரு பெரியவருக்குக் கால் வீங்குகிறது” என்றார்.

இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை சாப்பிடுகிற சிலருக்குக் கணுக்கால் வீங்கும், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. “அந்த மாத்திரைக்கு அப்படித்தான் இருக்கும் அக்கா, அடுத்த முறை மாற்றித் தருகிறேன்” என்றேன், மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவர் நகரவில்லை. “மற்றவர்களுக்கும் வீங்கிப் பார்த்திருக்கிறேன். படுத்து எழுந்தால் வடிந்துவிடும். இவருக்குக் காலையிலும் வடியவில்லை. முகமும் உப்பியிருக்கிறது.”

அழைத்து வரச் சொன்னேன். கிரியாட்டினின் இருக்க வேண்டியதைப்போல் மூன்று மடங்கு. அன்றே மேல்சிகிச்சைக்கு அனுப்பினேன். பெரியவர் இன்றும் இருக்கிறார், டயாலிசிஸ் தேவைப்படாமல். என் ஓபியில் ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. காலையில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று அந்த இரண்டு நிமிடத்தில் தெரியாது. அதே தெருவில் வாசல் தெளிக்கும் பெண்ணுக்குத் தெரியும். அதன்பிறகு தன்னார்வலர்களுக்கு நானே ஒரு வகுப்பு எடுத்தேன்: பாதத்தை எப்படிப் பார்ப்பது, யாரைக் கட்டாயம் அழைத்து வருவது என்று. எந்தச் சுற்றறிக்கையிலும் அது இல்லை.

அவர்களிடம் நான் கற்றதும் உண்டு. “களிதான் சாப்பிடுகிறேன், எனக்கெப்படிச் சர்க்கரை ஏறும்?” என்பது இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி. கேழ்வரகு நல்லது என்று நானும் பொத்தாம்பொதுவாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். உருண்டையின் அளவைச் சமையலறையில் பார்த்து வந்து சொன்னவர்கள் தன்னார்வலர்கள். இரண்டு வேளையும் தேங்காய் அளவில் ஓர் உருண்டை! மாம்பழக் காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மே முதல் ஜூலை வரை கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சர்க்கரை அளவை வைத்து எங்கள் வேலையை எடைபோடக் கூடாது என்பது என் தாழ்மையான கோரிக்கை.

குறைகளில் பெரியது, ஆண்கள். நாற்பது வயது ஆண் காலை ஆறு மணிக்கு ஓசூர் தொழிற்சாலைக்கோ பெங்களூரு கட்டட வேலைக்கோ போய்விடுகிறார். தன்னார்வலர் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர் அவருடைய அம்மா. அம்மாவுக்கு மூன்று முறை அழுத்தம் பார்த்தாயிற்று. மகனுக்கு ஒருமுறைகூட இல்லை. பக்கவாதத்தோடு வருகிறவர் அந்த மகன்தான். தொழிற்சாலைகளுக்கே போய்ப் பரிசோதிக்கும் ஏற்பாடு பின்னர் வந்தது. கட்டட மேஸ்திரிக்கு எந்தத் தொழிற்சாலை?

அடுத்தது, பரிசோதனை விவரங்களை ஏற்றும் கைபேசிச் செயலி. சிக்னல் இல்லாத ஊரில் பார்த்ததைத் தாளில் எழுதி, மாலையில் மேட்டுக்கு வந்து ஏற்ற வேண்டும். அன்றைய எண்ணிக்கை குறைந்தால் மறுநாள் அழைப்பு வரும். எண்ணிக்கைக்குக் கேள்வி வருகிற இடத்தில் எண்ணிக்கை எப்படியாவது வந்துவிடும், அவ்வளவுதான் சொல்வேன்.

இத்திட்டத்தைப் பற்றி மருத்துவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டால், பேச்சு ஐந்து நிமிடத்தில் திட்டத்தை விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விடும். 2009ஆம் ஆண்டின் அரசாணை 354, அதன்படி வர வேண்டிய ஊதிய உயர்வு, 2019 அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் நடந்த வேலைநிறுத்தம். நானும் அதில் இருந்தேன். ஊதியம் ஒரு பக்கம். நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மருத்துவர் பணியிடம் வேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. மாத்திரையைக் கொண்டுபோக ஆள் போட்டார்கள், மகிழ்ச்சி. அவர்கள் கண்டுபிடித்து அனுப்பும் புதிய நோயாளிகளைப் பார்க்கும் நாற்காலி கூடவில்லை.

இன்னொன்றும் உண்டு. மேற்படிப்பில் அரசு மருத்துவர்களுக்குத் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 31ஆம் தேதி சொன்னது. தமிழ்நாட்டில் அது 50 சதவீதம். மலைப்பகுதிச் சேவைக்கு ஊக்க மதிப்பெண்ணும் உண்டு. அதனால்தான் இளம் மருத்துவர்கள் இங்கே வருகிறார்கள், அதனால்தான் போயும்விடுகிறார்கள். நான் சேர்ந்த பிறகு உடன் வேலை பார்த்த ஐந்து பேர் மேற்படிப்புக்குப் போய்விட்டார்கள். குறை சொல்ல மாட்டேன், எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் மேட்டுத் தெரு பெரியவருக்கு ஐந்து டாக்டர்கள் மாறிவிட்டார்கள், தையற்கார அக்கா மட்டும் மாறவில்லை.

போன மாதம் அவருடைய கருவியின் கைப்பட்டை ஒட்டாமல் பிரிந்துகொண்டே இருந்தது. புதிது கேட்டு எழுதி அனுப்பினோம், வரவில்லை. அவர் வீட்டுத் தையல் இயந்திரத்தில் பழைய பள்ளிப்பையின் ஒட்டுப்பட்டையை வைத்துத் தைத்துக்கொண்டு வந்தார். என் கருவியோடு வைத்துப் பார்த்தேன், நான்கு புள்ளி வித்தியாசம். சரி, ஓட்டுங்கள் என்றேன். இப்போது பக்கத்து ஊர்த் தன்னார்வலர்களும் தங்கள் பட்டைகளை அவரிடம் கொடுத்தனுப்புகிறார்கள்.